எடையும் பிரஷரும்: கைப்பட்டை, இஞ்ச் டேப், ஒரு நோட்டு

"பிரஷர் கொஞ்சம் அதிகமா இருக்கு, எடையைக் குறைங்க." இந்த ஒரு வரியோடு வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கான வழிகாட்டி இது. எத்தனை கிலோ குறைக்க வேண்டும், குறைத்தால் பிரஷர் எவ்வளவு இறங்கும், இறங்கியதை எப்படி நம்புவது, சாப்பிடும் மாத்திரையை என்ன செய்வது என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை.

செய்ய வேண்டியது மூன்று வேலை. பிரஷரைத் தப்பில்லாமல் அளப்பது, எடையை நிதானமாக இறக்குவது, இரண்டையும் ஒரே நோட்டில் அக்கம்பக்கமாக எழுதி டாக்டரிடம் காட்டுவது. பலரும் நடு வேலையில்தான் தொடங்குகிறார்கள். முதல் வேலையை விட்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் அர்த்தமில்லை; கை பருமனாக உள்ளவருக்கு மெஷின் காட்டும் எண்ணே பொய்யாக இருக்கலாம்.

கொழுப்புக்கும் பிரஷருக்கும் நடுவில் சிறுநீரகம்

"கொழுப்பு ரத்தக் குழாயில் படிந்து அடைக்கிறது, அதனால் பிரஷர் ஏறுகிறது" என்பது பரவலான விளக்கம். அடைப்பு தனிக் கதை. அது வருடக்கணக்கில் நடப்பது. எடை கூடும்போது பிரஷர் ஏறுவதில் பெரிய பங்கு சிறுநீரகத்துடையது.

சாதாரணமாகப் பிரஷர் ஏறினால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியே தள்ளி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர இந்த ஏற்பாடு பல பக்கமிருந்தும் கெடுகிறது. சிறுநீரகத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதை நேரடியாகவே அழுத்துகிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், மூளை வழியாக சிம்பதெடிக் நரம்புகளை (பதற்றத்தின்போது உடலை முடுக்கும் நரம்புகள்) முடுக்கிவிடுகிறது. அந்த நரம்புகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கின்றன. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டெரோன் என்று சங்கிலியாக வரும் ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்தச் சங்கிலிக்கு வேண்டிய மூலப்பொருளைக் கல்லீரலோடு சேர்ந்து கொழுப்புச் செல்லும் தயாரிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கும். கூடுதல் இன்சுலினும் உப்பைத் தேக்கும். இவை போக, பெருத்த உடல் முழுவதுக்கும் ரத்தம் அனுப்ப இதயம் ஒவ்வொரு நிமிடமும் அதிகமாக இறைக்க வேண்டும்.

கடைசியில், முன்பு குறைந்த பிரஷரிலேயே உப்பை வெளியேற்றிய சிறுநீரகத்துக்கு இப்போது அதே வேலைக்கு உயர்ந்த பிரஷர் தேவைப்படுகிறது. உடல் அந்த உயரத்திலேயே நிலைத்துவிடுகிறது. தொடையிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்பைவிட வயிற்றுக்குள் உள்ளது ஏன் மோசம், எடை கூடியவருக்கு உப்பு ஏன் சட்டென்று பிரஷரை ஏற்றுகிறது என்ற இரண்டுக்கும் விடை இதில் இருக்கிறது. ஒல்லியானவருக்கும் உயர் ரத்த அழுத்தம் வரும். பருமனான சிலருக்கு வருவதில்லை. வயது, பரம்பரை, சிறுநீரக நோய் எல்லாம் கூடவே உண்டு. ஆனால் நம் கையால் மாற்றக்கூடிய காரணங்களில் எடை பெரியது.

படி 1: கைக்கேற்ற பட்டை

பட்டை என்பது மேல் கையில் சுற்றி, மெஷின் காற்றடிக்கும் துணிப்பட்டை. அது உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். ஒரு இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனைவரை அளந்து, சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் கையின் சுற்றளவை அளக்க வேண்டும். டேப் தோலைத் தொட்டபடி இருக்கட்டும், சதையை அமுக்கக் கூடாது.

22 முதல் 26 செ.மீ. வரை என்றால் சிறிய பட்டை. 27 முதல் 34 வரை சாதாரணப் பட்டை. 35 முதல் 44 வரை பெரியது. 45 முதல் 52 வரை மிகப் பெரியது. கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும் என்பதால், பட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும் செ.மீ. எல்லையைத்தான் இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு மெஷின்கள் பலவற்றோடு 22–32 செ.மீ. பட்டை மட்டுமே வரும். கையின் சுற்றளவு 36 என்றால் அதே கம்பெனியின் பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள். வேறு கம்பெனிப் பட்டையை மாட்டினால் மெஷினின் கணக்கு தப்பிவிடும்.

சிறிய பட்டை ஏன் பொய் சொல்கிறது? பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும். அவ்வளவு மூடாவிட்டால் அதன் அழுத்தம் உள்ளே ஆழத்தில் இருக்கும் தமனிவரை முழுசாகப் போய்ச் சேராது. தமனியை நிறுத்த மெஷின் இன்னும் காற்றடிக்கும். அந்தக் கூடுதல் காற்றும் உங்கள் பிரஷர் கணக்கில் சேர்ந்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி அறிமுகப்படுத்திய கைப்பட்டை 5 செ.மீ. அளவே அகலம் கொண்டது. அது எண்ணை உயர்த்திக் காட்டுகிறது என்று 1901-இலேயே ஜெர்மானியரான ரெக்லிங்ஹவுசென் காட்டி, பட்டையை அகலப்படுத்தினார். நூறு வருடம் தாண்டியும் "எல்லாருக்கும் ஒரே பட்டை" பழக்கம் போகவில்லை. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் (120/80 என்றால் 120) சராசரியாக சுமார் 5 புள்ளி (mmHg) கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு அந்தத் தப்பு 19.5 புள்ளி. உண்மையில் 125 உள்ளவர் 144 என்ற சீட்டோடு வெளியே வரக்கூடும். தேவைக்கு மீறிப் பெரிய பட்டை கட்டினால் நேர்மாறு; எண் இறங்கிக் காட்டும்.

பருமனான கைகளில் இன்னொரு தொல்லை, வடிவம். மேலே அகலமும் முழங்கை அருகே குறுகலுமாகப் புனல் போல இருக்கும் கையில் நேர்ப்பட்டை கீழ்ப்பக்கம் விலகி நிற்கும், காற்றடித்ததும் நழுவும். கூம்பு வடிவில் தைத்த பட்டைகள் இதற்கென்றே உண்டு. எதுவுமே பொருந்தாவிட்டால் மணிக்கட்டு மெஷின் கடைசி வழி. அப்போது மணிக்கட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்து அளக்க வேண்டும்.

படி 2: ஏழு நாள் அளவீடு

ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள், காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. காலை அளவு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாள் எண்களுக்குச் சராசரி எடுங்கள்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேஜையில் வைத்து, பட்டையின் நடுப்பகுதி இதய உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். கை 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் எண் 7, 8 புள்ளி கூடிவிடும்; மடியில் கையை வைத்து அளப்பவர்களுக்கு நடப்பது இதுதான். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தப்பு, அந்தச் சுருள் கையை இறுக்கும், கழற்றிவிடுங்கள். அளக்கும்போது பேச்சு கூடாது.

முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில் அளந்த 140/90-க்கு இது சமம். அமெரிக்க வழிகாட்டிகள் 2017 முதல் 130/80-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. எப்போதாவது 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி அளங்கள். இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். அந்த எண்ணோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, கடும் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளக்கவெல்லாம் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

படி 3: தராசும் இடுப்பளவும்

எடையை காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்போடு பாருங்கள். தினமும் பார்ப்பதானால் வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். முந்தின நாள் உப்பான சாப்பாடு ஒன்றே மறுநாள் 1 கிலோ ஏற்றிவிடும். அது நீர், கொழுப்பல்ல.

இடுப்பளவு எடுக்கும் இடம் தொப்புளும் அல்ல, பேண்ட் நிற்கும் இடமும் அல்ல. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் டேப். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நேரத்தில் அளக்க வேண்டும். தொப்பை பெருக்கும்போது பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால் பத்து வருடமாக ஒரே அளவு பேண்ட் என்று நிம்மதியாக இருப்பவர்களை டேப்தான் எழுப்பும். எளிய எல்லை: இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள்.

உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, எடையை அந்த எண்ணால் வகுத்தால் பி.எம்.ஐ. வரும். 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

படி 4: எத்தனை கிலோ?

கல்லூரிக் காலத்து எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இப்போதைய எடையில் 5 சதவீதம், அதுதான் முதல் இலக்கு. 92 கிலோ என்றால் 4.6 கிலோ. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண், கீழ் எண் இரண்டும் சுமார் ஒரு புள்ளி இறங்குகின்றன. இது சராசரி, சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமேயில்லை. ஏற்கெனவே பிரஷர் உயர்ந்தவர்களுக்கு இறக்கம் பொதுவாகக் கூடுதல்.

5 புள்ளி அற்பமாகத் தெரியலாம். ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், ஆறு மாதத்தில் 4.5 கிலோ குறைத்து அதை அடுத்த 30 மாதமும் காப்பாற்றியவர்களுக்கு உயர் ரத்த அழுத்த நோய் வருவது 65 சதவீதம் குறைந்தது. குறைத்ததைத் திரும்ப ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பிரஷரும் பின்னாலேயே ஏறியது. அதனால் 12 கிலோ குறைத்து 10 கிலோவைத் திரும்ப வாங்கிக்கொள்வதைவிட 5 கிலோவைக் குறைத்துப் பிடித்துவைப்பது நல்ல பேரம்.

வேகம் வாரத்துக்கு அரை கிலோ போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் கணக்கு கிட்டத்தட்ட அங்கே வரும். முதல் வாரம் 2 கிலோ இறங்கினால் ஆடிப்போகவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். சேமிப்பு மாவுச்சத்தும் அதைப் பிடித்திருந்த நீரும்தான் பெரும்பாலும் போயிருக்கும். சில மாதத்தில் இறக்கம் நிற்கும். உடல் சிறுத்ததால் அதன் செலவும் சிறுத்துவிட்டது. பழைய அளவுச் சாப்பாடு இப்போது சரிசமமாகிவிடுகிறது.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் படி கிடையாது. அவர்களுக்கு 140/90 வந்தாலே அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 5: தட்டும் உப்பும்

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், கால் பங்கு தானியம். 500 கலோரி குறைக்கத் தராசு வைத்து நிறுக்கத் தேவையில்லை; சர்க்கரை போட்ட பானங்கள், பொரித்த நொறுக்கு, இரண்டாவது தட்டு, மது இவற்றில் கை வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். மது கலோரியாகவும் கெடுக்கும், தனியாகப் பிரஷரையும் ஏற்றும்.

உணவு முறை எடையைத் தொடாமலே பிரஷரை இறக்கும் என்பதற்கு 1997-இல் வெளியான டேஷ் ஆய்வு சான்று. எடையும் உப்பும் மாறாதபடி பார்த்துக்கொண்டு, பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் கூடிய சாப்பாட்டைக் கொடுத்ததில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 8 வாரத்தில் மேல் எண் சுமார் 11 புள்ளி இறங்கியது. எடை இறங்கக் காத்திருக்கும் மாதங்களில் இது உங்களுக்குக் கிடைக்கும் முன்பணம்.

உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. சமையலில் போட்டது, தட்டில் தூவியது, பாக்கெட்டில் ஒளிந்திருப்பது எல்லாம் சேர்த்து. பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு, ஒரு நாள் பங்கில் கிட்டத்தட்ட பாதி. இன்னொன்றையும் பாருங்கள்: அந்த 900 என்பது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழு பாக்கெட்டுக்கா? நீங்கள் சாப்பிடுவது முழு பாக்கெட்டாக இருக்கும். ரொட்டி, சாஸ், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி நான்கும் பழைய குற்றவாளிகள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

படி 6: நடை

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகம். மூட்டு வலிப்பவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம், நீச்சலோ சைக்கிளோ எடுத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், அந்தச் சில நொடியில் பிரஷர் எகிறும். ஓய்வு நிலையிலேயே 180/110-க்கு மேல் இருப்பவர்கள் முதலில் மருந்தால் இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடையால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. பிரஷர் இறங்கும், இறக்கிய எடை திரும்பாமல் நிற்கும்; இரண்டும் போதாதா?

படி 7: குறட்டை

இதை டாக்டரிடம் யாரும் தாமாகச் சொல்வதில்லை, டாக்டரும் பல நேரம் கேட்பதில்லை. கழுத்தைச் சுற்றிய கொழுப்பு தூக்கத்தில் மூச்சுப் பாதையை அடைக்கும். மூச்சு பத்து நொடிக்கு மேல் நின்று, ஆக்சிஜன் இறங்கி, உடல் பதறி விழித்து, மறுபடி உறங்கும். ஸ்லீப் ஆப்னியா என்ற இந்த நோயில் இரவெல்லாம் இது திரும்பத் திரும்ப நடக்கும். தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காமலே போகும். உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்பதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்வது, காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் என்று பொருந்தினால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் இது அடிக்கடி அகப்படுகிறது.

மாத்திரையை என்ன செய்வது

எடை இறங்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் இந்தப் பாதையில் பெரிய விபத்து. எண் நன்றாக இருப்பது மாத்திரையாலா எடையாலா என்று வீட்டில் இருந்தபடி பிரிக்க முடியாது. பீட்டா பிளாக்கர், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷரோ இதயத் துடிப்போ முன்பைவிட மேலே பாயும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. எடை இறங்கியும் பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் எழுந்ததும் தலை சுற்றும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளங்கள், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி அளங்கள். மேல் எண் 20 புள்ளி இறங்கினால் அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு கடும் பட்டினி இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

எடை குறைந்தும் மூன்று மாதமாக எண் அசையவில்லையா? முதலில் பட்டையைப் பாருங்கள். 5 கிலோ இறங்கிய கைக்குப் பழைய பெரிய பட்டை இப்போதும் பொருந்துகிறதா? அடுத்து மருந்துப் பெட்டி: இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், சில கருத்தடை மாத்திரைகள், ஸ்டீராய்டு, தண்ணீரில் நுரைத்துக் கரையும் சோடியம் மாத்திரைகள், அதிமதுரம் எல்லாம் பிரஷரை ஏற்றும். இவையும் இல்லை என்றால் சிறுநீரகம், ஆல்டோஸ்டெரோன், தைராய்டு பரிசோதனைகளுக்கு டாக்டர் எழுதுவார். அதுவரை எடை குறைத்தது வீண் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் மூச்சுக்கும் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும்.

டாக்டரிடம் போகும்போது நோட்டில் ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்: ஆறு நாள் பிரஷர் சராசரி, காலை தனி, மாலை தனி, இந்த மாத எடையும் இடுப்பளவும், போன மாதத்தவையும், கைச் சுற்றளவு, கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட்டது உட்பட எல்லா மருந்தின் பெயரும். மெஷினையும் பட்டையையும் கையோடு எடுத்துப் போய், அங்குள்ள கருவியோடு ஒரே கையில் மாறி மாறி அளந்து பாருங்கள். தொடர்ந்து 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் மெஷினை மாற்றுங்கள்.